பேய் ரயில் அக்கா

யாழினி, கவின் இருவருக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் கம்போங் மேடான் ஃப்ளாட்டில் ஒரு சாவு வீட்டுக்கு உங்களை அழைத்துப் போனேன். திரும்பும்போது காரில், யாழினி, நீ கேட்டாய்: "யாருப்பா அந்த ஆன்டி? நம்ம சொந்தமா? இவ்வளவு பக்கத்துல இருந்திருக்காங்க, ஒரு தடவகூட எங்கள கூட்டிட்டு வரலியே?" ஹைவேயில் ஜாம். பதில் சொல்ல நிறைய நேரம் இருந்தது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் எழுதிவைத்த பெயரை ஒருநாள் யாராவது சத்தமாகப் படிப்பார்கள். படித்தால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். நான் வேலை செய்யும் தீம் பார்க்கில் எல்லோருக்கும் அவர் அக்காதான். மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் அவரைவிடப் பெரிய செக்யூரிட்டி அங்கிளும் அப்படித்தான்.

அங்கே நீங்கள் பேய் ரயில் ஏறியிருக்கிறீர்கள். சுற்றிலும் திரை, முகத்தில் தண்ணீர் தெளிக்கும், இருக்கை அதிரும். கவின், நீ இறங்கியதும் 'இன்னொரு தடவ' என்று கேட்டாய். அது புதுசு. யாழினி பிறப்பதற்கு முன்னால் அதே கட்டடத்தில் இருந்தது வேறு ரயில். ஒற்றைத் தண்டவாளம், எட்டுப் பெட்டிகள், பெட்டிக்கு இரண்டு பேர். உள்ளே ரப்பர் வௌவால், சவப்பெட்டி, எலும்புக்கூடு எல்லாம் உண்டு. அவற்றைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தன. கடைசி வளைவில், தரையிலிருந்து முழங்கால் உயரமுள்ள சிமெண்டு மேடையில், ஒரு பெண் பொம்மை உட்கார்ந்திருக்கும். அங்கே சிரிப்பு நின்றுவிடும்.

அந்தப் பொம்மை ஒன்றும் செய்யாது. கத்தாது, எழும்பாது. ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு, முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும். பெட்டி வளைவில் வந்ததும் தலை மட்டும் மெதுவாகத் திரும்பும். பழைய பஸ் வைப்பர் மோட்டார்தான் அதைத் திருப்பியது. இடமிருந்து வலமாக, நம் பெட்டி போகும் வேகத்திலேயே, நம்மைப் பார்த்துக்கொண்டே வரும். அவ்வளவுதான். வெளியே வரும் பிள்ளைகளிடம் எது பயமாக இருந்தது என்று கேட்டால் வௌவால் என்று சொல்லும். ஆனால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும்.

அக்கா அந்த ரயிலின் ஓப்பரேட்டர். வாசலில் லீவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் வயர்மேனாகச் சேர்ந்த முதல் வாரம், உள்ளே ஒரு விளக்கு எரியவில்லை என்று பார்க்கப் போனேன். அக்கா ரயிலை நிறுத்திவிட்டு இருட்டுக்குள் தலையை நீட்டி, "தம்பி ஒருத்தன் வரான். புது வயர்மேன். பாத்துக்க" என்றார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா அக்கா?"

"நீ போ. உன்கிட்ட சொல்லல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் போகும்போதெல்லாம் என்னை அறிமுகம் செய்துவைப்பார். பகல் பதினொரு மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது, பாப்கார்ன் வாசனை வருகிறது. உள்ளே நான் ஏணியில் நின்று விளக்கு மாற்றும்போது என் முதுகில் ஓரிடம் மட்டும் சில்லென்று இருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் ஏறுவேன். நிறுத்திய மோட்டார் திரும்பாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் இறங்கும்போது பொம்மையின் பக்கம் பார்க்காமல்தான் இறங்குவேன்.

சாயங்காலம் பார்க் மூடும்போது அக்கா உள்ளே போய் பொம்மையின் முகத்துக்கு முன்னால் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவார். "ராத்திரி பூரா பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கண்ணு வலிக்காதா?" என்பார். காலையில் துணியை எடுப்பதற்கு முன்னால் கைதட்டுவார்.

அக்காவைப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். ரொம்பத் தெளிவான மனுஷி. அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. எதையாவது, யாரையாவது ஓரிடத்திலிருந்து எடுக்கிறோம் என்றால், "அப்ப அது எங்க போய் இருக்கும்?" என்று கேட்பார். பதில் வரும்வரை விடமாட்டார்.

கேன்டீன் பக்கத்தில் இருந்த பெரிய மரத்தை வெட்ட ஆள் வந்தபோது போய் நின்றுகொண்டார். "வெட்டுங்க. மைனாங்க சாயங்காலம் திரும்பி வருமே, எங்க போய் இருக்கும்?" அக்கா அன்றைக்குக் கார் பார்க்கில் இருந்த மற்ற மரங்களை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "இடம் இருக்கு. இப்ப வெட்டுங்க" என்றார். துப்புரவுக்கு வந்த வங்காளதேசப் பையன் ஒருவனை வேலையிலிருந்து நிறுத்தியபோது ஆபீசுக்கே போய், "நிறுத்துனது உங்க இஷ்டம். இன்னிக்கு அவன் எங்க போய்ப் படுப்பான்?" என்று கேட்டார். அக்காவே அவனை டாக்சியில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போய், தெரிந்த சாப்பாட்டுக் கடை மாடியில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒருநாள் நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வீங்கிய கன்னத்தோடு வேலைக்கு வந்தேன்.

"பல்லு எங்க?" என்றார்.

"கிளினிக்ல குப்பையில போட்டுட்டாங்க அக்கா."

"உன்னக் கேட்டுட்டா போட்டாங்க?"

"பல்லுக்கெல்லாம் யாருக்கா கேப்பா?"

"இருபது வருஷம் உன் வாயில இருந்துச்சு. நீயாச்சும் கேட்டிருக்கலாம்ல."

டிக்கெட் கௌண்டரில் இருந்த சீனப் பெண் எங்கள் தமிழைப் புரிந்துகொண்டு சிரித்தாள். அவள் தமிழர்களோடு கம்பத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். "அக்கா, நீங்க இமிகிரேஷன்ல வேல செஞ்சிருக்கணும்லா" என்றாள். அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் முழுக்க நான் அந்தப் பல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். சின்ன வயதில் அவர் இருந்தது சுங்கை பூலோ பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஆட்களுக்கு ஃப்ளாட் கொடுத்தார்கள். மரத்தடியில் இருந்த முனீஸ்வரர் கல்லை மட்டும் லோரியில் மண்ணோடு மண்ணாக அள்ளிப் போட்டார்கள். "லோரிக்காரன்கிட்ட எங்க கொண்டு போறீங்கன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டான். எல்லாருக்கும் சாவி குடுத்தாங்க தம்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு சாவி" என்றார்.

பொம்மையின் கதையை ஒரு மழை நாளில் சொன்னார். ரயில் காலியாக நின்றது. நாங்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தோம். பார்க்கைத் தொடங்கிய பழைய சீன முதலாளி, தவுக்கே, மலாய்க்காரர்கள் சொல்லும் பொந்தியானாக் பேய் ஒன்று ரயிலுக்கு வேண்டும் என்று கேட்டாராம். அப்போது கிள்ளானில் ஒரு கோயிலுக்குத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்திருந்த சிற்பி ஒருவருக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. தவுக்கே அவரை அழைத்து வந்தார். சிற்பி பொந்தியானாக்கைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. பெண் பேய், முடியை விரித்திருக்கும் என்று மட்டும் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த பெண் உருவம் அம்மன்தான். அதனால்தான் அந்தப் பொம்மை அப்படி உட்கார்ந்திருந்தது. மலாய்க்காரப் பிள்ளைகள் அதை 'பொந்தியானாக் இந்தியா' என்று கத்தின.

"எல்லாம் முடிச்சிட்டாரு. கண்ணு மட்டும் பாக்கி" என்றார் அக்கா. "நான் அப்ப வேலைக்குச் சேந்த புதுசு. விளக்கு பிடிக்கச் சொன்னாரு. பொம்மைக்கு முன்னால நின்னுக்கிட்டு டார்ச் பிடிச்சேன். அவரு காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. ஏன்னு கேட்டேன். கண்ணு தொறக்கற அன்னிக்கு நாங்க சாப்பிடமாட்டோம்மான்னாரு. அவருக்கே தெரியல தம்பி. கைப்பழக்கம். இது பேய் பொம்மைன்னு மறந்துட்டாரு. உளிய எடுத்து, கண்ண மூடி என்னமோ சொல்லிட்டு, தொறந்துட்டாரு. தொறந்த பொறகுதான் திடுக்குன்னு திரும்பிப் பாத்தாரு. சாமிக்குன்னா முதல்ல கண்ணாடி காட்டுவாங்க. அது தன்னையே பாத்துக்கணும். ஆள் யாரும் முன்னால நிக்கக் கூடாது. இங்க கண்ணாடி இல்ல. நான்தான் நின்னேன்."

"அப்புறம்?"

"உளிய கீழ போட்டுட்டாரு. 'தப்புப் பண்ணிட்டேம்மா, அது உன்னத்தான் முதல்ல பாத்திருக்கு'ன்னாரு. மறுநாள் வேலைக்கு வரல. கோயில் வேலையையும் விட்டுட்டு ஊருக்குப் போயிட்டதா சொன்னாங்க."

மழை நின்றது. அக்கா எழுந்து நாற்காலியைத் துடைத்தார். "நானும் பயந்தேன். நாலு நாள் காய்ச்சல். பொறகு யோசிச்சேன். அதுவும் பாவம்தானே, கேக்காம கண்ணத் தொறந்துவிட்டாங்க" என்றார்.

யாழினி, நீ உன் அம்மா வயிற்றில் இருந்த வருஷம்தான் ரயிலை மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சு வந்தது. புது மேனேஜர் நல்ல பையன். தமிழர்தான், வெளிநாட்டில் படித்தவர். என்னிடமே கேட்டார்: "அண்ணே, அந்தப் பொம்மையப் பாத்து யாருண்ணே பயப்படுறாங்க? அது ஒண்ணுமே பண்ணலியே. சும்மா பாக்குது."

"அதான் பொஸ், பயம்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனாலும் அவராக முடிவு செய்யவில்லை. ரயில் இறங்கும் இடத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் வைத்தார். ஒன்றில் 'மாற்றலாம்', மற்றதில் 'அப்படியே இருக்கட்டும்'. வருகிறவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பந்தைப் போடலாம். ஒரு மாதம் போட்டார்கள். சின்ன வயதில் தாங்கள் பயந்த இடத்தில் பிள்ளைகளும் பயப்பட வேண்டும் என்று சில அப்பாக்கள் இரண்டு மூன்று பந்துகளைத் திருட்டுத்தனமாகப் போட்டார்கள். பிள்ளைகள் மாற்றலாம் பெட்டியில் போட்டார்கள். கடைசியில் இரண்டு பெட்டியிலும் பந்துகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன.

அக்கா பந்து போடவில்லை. அவர் எந்தப் பக்கம் என்று எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். நானும்தான். கேட்டபோது வேறு மாதிரி சொன்னார்.

"மாத்தட்டும்லா. கோயிலையே பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துறோம். பெயின்ட் அடிக்கறோம், இடிச்சுக் கட்டறோம். மாத்தறதுல என்ன சுசா, என்ன கஷ்டம்? ஆனா மாத்தற வரைக்கும் அது எங்க போய் இருக்கும்னு ஒருத்தர்கூடக் கேக்கல பாரு. அதுக்கு எந்தப் பெட்டியில பந்து போடறது?"

பந்துகள் பதில் சொல்லாததால் மேனேஜர் என்னிடம் வந்தார். பழைய பொம்மையைச் சரிசெய்து வைத்துக்கொள்ள முடியுமா என்று டெக்னிக்கல் ரிப்போர்ட் எழுதித் தரச் சொன்னார். முடியும் என்று நான் எழுதினால் பொம்மையைப் புது ரயிலிலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்வார். முடியாது என்றால் எல்லாமே திரை. திரைக்குத் தனியாக ஒரு டெக்னீஷியன் வேண்டும், அவரைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள், வேலை நிரந்தரமாகும். "உங்களத்தாண்ணே நினைச்சிருக்கேன்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். வேண்டுமென்றே சொல்லவில்லை. என் காதுதான் இரண்டையும் சேர்த்துக் கேட்டது.

மோட்டாரில் தேய்ந்த புஷ் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அரை நாள் வேலை. மேடையில் ஒரு கீறல்கூட இல்லை. நான் என்ன எழுதினேன் தெரியுமா? மோட்டார் தாங்காது, மேடையில் வெடிப்பு இருக்கிறது, ஆட்களுக்கு ஆபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்களைப் பொய் எழுதாதே என்று அதட்டுகிற அதே அப்பாதான்.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கழட்டப் போறது நீதானா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாக்கா."

"அப்ப தொடறதுக்கு முந்தி என்னக் கூப்பிடு."

கோயிலில் திருப்பணி தொடங்கும் முன்னால் என்ன செய்வார்கள் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சாமியை மந்திரம் சொல்லிக் கலசத்துக்கு அழைத்து, ஒரு பலகைப் படத்தில் இருத்தி, தகரக் கொட்டகையில் வைப்பார்கள். வேலை முடிகிறவரை சாமி அங்கேதான். உள்ளே நிற்பது வெறும் கல். அதற்குப் பிறகுதான் ஆட்கள் உளி வைப்பார்கள். பாலாலயம் என்று அதற்குப் பெயர். அக்கா அதைத்தான் செய்ய நினைத்தார். ஒரு குருக்களிடம் போய்க் கேட்டிருக்கிறார். "பேய் பொம்மைக்கு பாலாலயமா? வீட்டுக்குப் போங்கோம்மா" என்று அனுப்பிவிட்டாராம். அதைச் சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அவர் மேல தப்பில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

பார்க் மூடியிருக்கும் திங்கட்கிழமை, காலை பத்து மணி. வேலை விளக்குகளை எல்லாம் போட்டிருந்தேன். வெளிச்சத்தில் அந்த இடம் ஒரு பழைய குடோன் மாதிரி இருந்தது. பியூஸைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அக்கா தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்துகொண்டு, சேலையில் வந்தார். யூனிஃபார்ம் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். கையில் ஒரு மஞ்சள் நூல் உருண்டை. செம்பு, கலசம் எதுவும் இல்லை.

"கலசம் எங்கக்கா?"

"குருக்கள் தொடாத கலசம் வெறும் பாத்திரம்தானே. அதுல எப்படி இருக்கும்?" என்றார். நூலின் ஒரு முனையைப் பொம்மையின் மணிக்கட்டில் கட்டினார். மறு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "வேணாம்கா" என்றேன்.

"மந்திரம் எனக்குத் தெரியாது தம்பி. வீட்டுக்கு வரவங்கள கூப்பிடற மாதிரி கூப்பிட வேண்டியதுதான்." மேடைக்கு முன்னால் நின்று பொம்மையின் முகத்தைப் பார்த்தார். "வா. கொஞ்ச நாளைக்கு என்கிட்ட வந்து இரு. இடம் ரெடியானதும் திரும்பி வந்துடலாம். என்னத்தானே முதல்ல பாத்த, வா" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று அடிக்கவில்லை, விளக்கு அணையவில்லை. பிறகு நான் பொம்மையைப் பார்த்தேன். நான்கு வருஷமாக நேராகப் பார்க்கப் பயந்த கண்களை அன்று நன்றாகப் பார்த்தேன். அதில் பெயின்ட் இருந்தது. கறுப்பு பெயின்ட், வெள்ளை பெயின்ட், ஓரத்தில் உரிந்த இடத்தில் சிமெண்டு. வேறு ஒன்றும் இல்லை. ஆள் குடிபெயர்ந்து போன வீட்டின் ஜன்னல் மாதிரி இருந்தது.

பக்கத்தில் அக்கா நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். இடமிருந்து வலமாக, மெதுவாக. அந்த வேகம் எனக்குத் தெரியும். அந்த மோட்டாருக்கு எண்ணெய் போட்டவன் நான். என் முதுகில் இருக்கும் சில்லிப்பு அன்று நெஞ்சுக்கு வந்தது.

"நீ வேலையப் பாரு தம்பி" என்றார். குரல் அக்காவின் குரல்தான்.

பொம்மை சுலபமாக வந்துவிட்டது. லோரியில் ஏற்றும்போது அதன் கை உடைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேடையை இடிக்கச் சோம்பல்பட்டு, அப்படியே விட்டுவிட்டு முன்னால் திரையைக் கட்டினார்கள். பின்னால் இடம் மிச்சமாக இருந்ததால் ஒலிப்பெட்டி அடுக்கை அந்த மேடையின் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்கச் சொன்னார்கள். முடுக்கியவனும் நான்தான்.

வேலை நடந்த மாதங்களில் அக்காவை ராட்டினத்துக்கு மாற்றினார்கள். ராட்டினத்தில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. புகார் வந்தது. அக்காவே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டார்.

யாழினி, நீ பிறந்து நாற்பத்தைந்து நாள் கழித்து, அம்மாவும் நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தார். அம்மா கையில் துணிச் சுருளைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உள்ள வாம்மா, உக்காரு. தப்பா நினைக்காத. பிள்ளைய நான் பாக்கமாட்டேன்."

"ஏன்கா?" என்றாள் அம்மா.

"நான் பாத்தா அதுவும் பாக்கும்."

நாங்கள் இருந்த அரை மணி நேரமும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். பால் நன்றாகச் சுரக்கிறதா, ராத்திரி தூங்குகிறாளா என்று கேட்டார். என்ன நிறம், யார் மாதிரி மூக்கு என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். உனக்காக வாங்கிவைத்திருந்த கறுப்பு வளையலைக் கையைப் பின்னால் நீட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது, "காலை மட்டும் தொட்டுக்கிறேன்" என்றார். அம்மா உன்னைக் கிட்டே கொண்டுபோனாள். சுவரைப் பார்த்தபடி கையால் தடவித் தடவித் தேடி, உன் பாதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். அவருக்கு விடவே மனம் வரவில்லை. பிறகு என்னிடம் கேட்டார்: "வேல எவ்வளவு தூரத்துல இருக்கு தம்பி?"

"முடியப் போகுதுக்கா."

"சரி. பிள்ளைகள இங்க கொண்டாராத. அது போன பொறகு நானே வந்து பாக்கறேன்."

படியிறங்கும் முன்னால் அம்மா வளையலை உன் கையில் போட்டுவிட்டாள். காரில் உட்கார்ந்ததும், "அவங்கள ஆஸ்பத்திரில காட்டணும்லா" என்றாள். ட்ராபிக் லைட்டில் நின்றபோது, "வளையல கழட்டிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். யாழினி, இதுதான் உன் கேள்விக்குப் பதில். கூட்டிப்போக மனமில்லாமல் இல்லை. அவர் சொன்னதால்தான்.

புது ரயில் திறந்த வாரம் அக்கா டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டியில் தனியாக உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனார். வெளியே வந்ததும் என்னைத் தேடினார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க தம்பி. மேடை எங்க?"

"திரைக்குப் பின்னால இருக்குக்கா. மேல சாமான் வச்சிருக்கு."

"எடுக்க முடியாதா? ஒரு ஆள் உக்கார்ற அளவு போதும்."

"மேனேஜரக் கேக்கணும்கா. கேக்கறேன்."

கேட்கவில்லை. என்னவென்று கேட்பேன்? மேடையில் வெடிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனே நான். அதன் மேல் அவ்வளவு கனமான பெட்டியைத் தூக்கி வைத்தவனும் நான். பேச்சை எடுத்தால் ரிப்போர்ட்டை எடுப்பார்கள் என்று பயந்தேன். அந்த வருஷம் கேட்கவில்லை. அடுத்த வருஷம் கவின் பிறந்தான், கேட்கவில்லை. மேனேஜர் மாறினார், கேட்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி பலகாரம் எடுத்துக்கொண்டு நான் மட்டும் அக்கா வீட்டுக்குப் போவேன். சுவரைப் பார்த்தபடி, "மேடைய ஒழிச்சாச்சா தம்பி?" என்பார். "இன்னும் கொஞ்சம் வேல இருக்குக்கா" என்பேன். ஒரு தடவைகூட 'ஏன் இவ்வளவு நாள்' என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டிருந்தார். வராந்தாவில் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வார். பிள்ளைகள் சத்தம் ஓயும்வரை உள் அறையில் உட்கார்ந்திருப்பார்.

சாவுச் செய்தி வந்தபோது உங்களை ஏன் அழைத்துப் போனேன் என்றால், கண்ணை மூடிய பிறகாவது நீங்கள் அவர் முன்னால் நிற்க வேண்டும் என்று தோன்றியது. யாழினி, நீ அவர் காலடியில் நின்றாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவின், நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உள் அறைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாய். "அங்க யாரும் இல்லடா" என்றேன். "தெரியும்பா" என்றாய். ஆனாலும் பார்த்தாய்.

அக்காவின் தங்கச்சி என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். "நீங்கதான் அந்த வயர்மேனா? கடைசி ரெண்டு நாளும் உங்களப் பத்தித்தான் பேச்சு. தம்பி இடத்த ஒழிச்சிட்டானா, தம்பி இடத்த ஒழிச்சிட்டானான்னு. வீடு கீடு பாத்துத் தரேன்னு சொல்லியிருந்தீங்களா?"

"ஆமாக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"இந்த வீட்ட அடுத்த மாசம் வேற குடும்பத்துக்குக் குடுக்கறாங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கற குடும்பம்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பார்க் மூடியிருந்தபோது நான் தனியாகப் பேய் ரயிலுக்குள் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒலிப்பெட்டி அடுக்கின் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, எதிர்ச் சுவரில் இரும்புச் சட்டம் அடித்து அதில் மாட்டினேன். வயரெல்லாம் நீளம் போதவில்லை, புதிதாக இழுத்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. மேடையைக் கூட்டி, இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்தேன். நடுவில் துருத்திக்கொண்டிருந்த, முன்பு பொம்மையைப் பிடித்திருந்த பழைய இரும்பு முனைகளை அரம் போட்டு, உட்கார்ந்தால் குத்தாத அளவுக்கு மழுக்கினேன். கருவிகளைப் பையில் போட்டு, விளக்கை அணைத்தேன். பிறகு, மேடைக்கு முதுகைக் காட்டாமல், தண்டவாளத்தைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டே, பின்னோக்கி நடந்து வெளியே வந்தேன்.